விருப்ப வரிசை வாக்கு: 43 சதவீதம் பெற்றவர் பெரும்பான்மை பெற்றவர் ஆவது எப்படி?

அரைப்புள்ளி எழுதியது:

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் முடிவுகளை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கணக்கு எனக்கு இடித்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளும் (42.31 சதவீதம்), சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் (32.76 சதவீதம்) பெற்றனர். எவரும் பாதியைத் தாண்டாததால் அந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவில் முன்னவருக்கு 5,740,179, பின்னவருக்கு 4,530,902 என்று தொகை நின்றது. செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அப்படியானால் வென்றவரின் இறுதித் தொகையும் 43.1 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் அவர் 55.89 சதவீதம் பெற்றதாகவும் ஓர் எண் சுட்டப்படுகிறது.

வென்றவருக்குப் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு இருப்பதை உறுதிசெய்வதே விருப்ப வரிசை முறையின் நோக்கம் என்று நான் படித்திருக்கிறேன். முடிவைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. முறையைத்தான் எங்கோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. விளக்கத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

உங்கள் கணக்கில் பிழை இல்லை. "பாதிக்கு மேல்" என்று சொல்லும்போது எதில் பாதி என்று கேட்க வேண்டும். குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். வாக்காளர் ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டாமல், வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்பத்தை வரிசையாக எழுதுகிறார். ஒவ்வொரு சீட்டும் முதலில், அதில் '1' பெற்றவருடைய சீட்டுக்கட்டில் வைக்கப்படும். ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டால் வேலை அத்துடன் முடிந்தது. தாண்டாவிட்டால், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய கட்டிலிருந்த ஒவ்வொரு சீட்டும் அதில் அடுத்து எழுதப்பட்டவருக்குப் போகும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். எந்த நேரத்திலும் ஒரு சீட்டு ஒருவருடைய கட்டில் மட்டுமே இருக்கும் என்பதால், "சிலருக்கு மட்டும் இரண்டு வாக்கு" என்று அவ்வப்போது எழும் குற்றச்சாட்டு நிற்காது. முன்னணியில் இருப்பவரின் ஆதரவாளரும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணப்படுகிறார்; அவருடைய சீட்டுக்கு இடம் மாறவேண்டிய தேவை எழவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் இருப்பது இதன் சுருங்கிய வடிவம். மூன்று விருப்பங்கள் வரை எழுதலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர ஏனைய அனைவரும் ஒரே வீச்சில் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அவ்விருவரில் எவருக்கேனும் இரண்டாவது விருப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையெனில் மூன்றாவதைப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையெனில் அந்தச் சீட்டு எண்ணிக்கையிலிருந்து ஒதுங்கிவிடும். இத்தகைய சீட்டை நான் "தீர்ந்த சீட்டு" என்று அழைப்பது வழக்கம். நீங்கள் கண்ட 55.89 சதவீதம், தீர்ந்த சீட்டுகளைக் கழித்துவிட்டு, இறுதிவரை நின்ற 10,271,081 சீட்டுகளின்மேல் போட்ட கணக்கு.

எத்தனை சீட்டுகள் தீர்ந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். முதல் இருவர் அல்லாதோருக்கு விழுந்தவை 3,321,666. அவற்றிலிருந்து இருவருக்கும் வந்துசேர்ந்தவை 105,264, 167,867 என மொத்தம் 273,131 மட்டுமே, அதாவது நூற்றுக்கு எட்டு. மீதி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இறுதிப் போட்டியில் எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டன.

இதை 1990-ஆம் ஆண்டின் அயர்லாந்து அதிபர் தேர்தலோடு ஒப்பிடுங்கள். அங்கே மூவர் போட்டியிட்டனர். முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிஹன் 44.1 சதவீதத்துடன் முன்னணியில் இருந்தார். மேரி ராபின்சன் 38.9, ஆஸ்டின் கரி 17.0. கரி நீக்கப்பட்டபோது அவரிடமிருந்த 267,902 சீட்டுகளில் 205,565 ராபின்சனுக்கும் 36,789 லெனிஹனுக்கும் போயின. தீர்ந்தவை 25,548, அதாவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ராபின்சன் மொத்தச் செல்லுபடி வாக்குகளிலேயே 51.9 சதவீதம் பெற்று வென்றார். இரண்டு நாடுகளிலும் கடைசியில் நடந்தது ஒன்றேதான்: மற்றவர்களின் சீட்டுகள் முதல் இருவருக்குப் பிரிக்கப்பட்டன. ஓரிடத்தில் உண்மையான பெரும்பான்மை கிடைத்தது, மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை. சட்டம் பெரும்பான்மைக்கு வழி திறந்துவைக்கிறது; சீட்டின் கீழ்வரிசைகள் நிரப்பப்பட்டால்தான் அந்த வழியில் யாராவது நடக்க முடியும். அயர்லாந்து மக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலும் நூறாண்டுகளாக எண்களை எழுதியே வாக்களித்து வருபவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வடகரை எழுதியது:

எண்ணும்எழுத்தும் அவர்களின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இலங்கையில் "விருப்பு வாக்கு" என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (× குறி) இட்டபின், அக்கட்சியின் பட்டியலிலுள்ள மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அந்த மூவருக்குள் முதல், இரண்டாம் என்ற வரிசை கிடையாது; மூன்றும் சம மதிப்புள்ளவை, மூன்றும் எண்ணப்படுபவை. ஜனாதிபதித் தேர்தலில் இருப்பதோ வரிசை. இரண்டாவது விருப்பம் என்பது முதலாமவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் மட்டும் திறந்து பார்க்கப்படும் ஒன்று. சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி விவாதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு கிடைத்துவிட்டது என்பதும் முக்கியம். 2005-இல் வென்றவருக்கு 50.29 சதவீதம், மயிரிழையில் தப்பியது என்று சொல்லலாம். நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒருமுறைகூடத் தேவைப்படாத ஒரு பெட்டியை வாக்காளர் ஏன் நிரப்பப் போகிறார்? ஒரேயொரு புள்ளடி இட்டாலும் அது முதல் விருப்பமாக ஏற்கப்படும் என்ற நிலையில், பழக்கம் வென்றுவிடுகிறது.

ஆனால் நூற்றுக்கு எட்டு என்ற கணக்கை வைத்து, மற்ற தொண்ணூற்றிரண்டு பேரும் இரண்டாவது விருப்பத்தை எழுதவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. 38 வேட்பாளர்கள் இருந்த சீட்டில், நீக்கப்பட்டவர்களுக்கே ஒருவர் 1, 2, 3 என எழுதியிருந்தால் அவருடைய சீட்டும் தீர்ந்ததுதான். மூன்று விருப்பம் என்ற எல்லை அவருக்கு அதற்குமேல் பேச இடம் தரவில்லை.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

வடகரை அவர்களின் திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். எழுதாமல் விட்டதால் தீர்ந்தவை, எழுத இடமில்லாததால் தீர்ந்தவை என இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியா இதற்குக் கண்டிருக்கும் மருந்து கடுமையானது. அந்நாட்டின் கீழவைத் தேர்தலில் சீட்டிலுள்ள எல்லா வேட்பாளர்களுக்கும் எண் இட வேண்டும். இடையில் நிறுத்தினால் சீட்டு செல்லாது. ஆகவே அங்கே தீர்ந்த சீட்டு என்ற பேச்சே எழுவதில்லை. இறுதி இருவரில் ஒருவர் எப்போதும் பாதிக்கு மேல் பெற்றிருப்பார். 1918-இல் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு எதிரான வாக்குகள் பிரிந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கிலேயே அக்கட்சி வென்றபின், அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் இந்தப் பெரும்பான்மைக்கும் ஒரு விலை உண்டு: பெயர் தெரியாத வேட்பாளருக்கும் எண் போட்டே ஆக வேண்டும் என்பதால், சிலர் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைக் "கழுதை வாக்கு" என்றே அங்கு அழைக்கிறார்கள். எழுத மனமில்லாதவரிடமிருந்து பிடுங்கிய ஏழாவது விருப்பத்தை ஆதரவு என்று எண்ணுவது எனக்கு உறுத்துகிறது. தீர்ந்த சீட்டுகளை ஒளிக்காமல், அவற்றின் எண்ணிக்கையையும் முடிவோடு சேர்த்து அறிவிப்பதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாம்விரல் எழுதியது:

எல்லோரும் பெரும்பான்மையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த முறையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். கடைசியில் இருப்பவரை நீக்குவது என்ற விதி, முதல் விருப்பத்தை மட்டும் பார்த்து ஒருவரை வெளியே அனுப்புகிறது. எல்லோருக்கும் ஏற்புடைய ஒருவர் அங்கே முதலிலேயே விழுந்துவிடலாம்.

நூறு வாக்காளர்கள், க, ச, ம என மூன்று வேட்பாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் க, ம, ச என்ற வரிசையில் எழுதுகிறார்கள். 33 பேர் ச, ம, க என்று எழுதுகிறார்கள். ம-வுக்கு முதல் விருப்பம் தந்தவர்கள் 27 பேர்; அவர்களில் 15 பேருக்கு அடுத்தவர் ச, 12 பேருக்கு அடுத்தவர் க. விதிப்படி ம நீக்கப்படுகிறார். க 52, ச 48 என்று க வெல்கிறார். இப்போது ம-வையும் க-வையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்திப் பாருங்கள்: 60 பேர் ம-வை மேலாக வைத்திருக்கிறார்கள். ம-வையும் ச-வையும் நிறுத்தினால் 67 பேர் ம பக்கம். எதிர்நின்ற ஒவ்வொருவரையும் தோற்கடிக்கக்கூடியவர் முதல் ஆளாக வெளியேறினார்! 1785-லேயே கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர் இருவராக ஒப்பிடும் இந்த அளவுகோலை முன்வைத்துவிட்டார்.

இது தாளில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரின் 2009 மேயர் தேர்தலில் ஆண்டி மான்ட்ரால் என்ற வேட்பாளர் இப்படித்தான் வெளியேறினார். சீட்டுகளை ஆராய்ந்தபோது அவர் மற்ற இருவரையும் தனித்தனியே வென்றிருப்பார் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்நகரம் இம்முறையைக் கைவிட்டது. 2022 ஆகஸ்டில் அலாஸ்காவில் நடந்த சிறப்புத் தேர்தலில் மேரி பெல்டோலா 40.2, சாரா பேலின் 31.3, நிக் பெகிச் 28.5 சதவீதம் பெற்றனர். பெகிச் நீக்கப்பட்டு, பெல்டோலா 51.5 சதவீதத்துடன் வென்றார். நேருக்கு நேர் ஒப்பிட்டால் அங்கும் பெகிச்சே இருவரையும் விஞ்சியவர்.

இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். என் எடுத்துக்காட்டில் ச-வின் ஆதரவாளர்களில் 8 பேர் மனம் மாறி க-வுக்கு முதல் விருப்பம் தருகிறார்கள் என்று கொள்ளுங்கள். க 48, ச 25, ம 27. இப்போது கடைசியில் இருப்பவர் ச. அவர் நீக்கப்பட, அந்த 25 சீட்டுகளும் ம-வுக்குப் போகின்றன. ம 52, க 48. கூடுதலாக எட்டு வாக்குகள் பெற்றதாலேயே க தோற்றுப்போனார். ஆதரவு கூடினால் தோல்வி நேரக்கூடிய ஒரு முறையைச் சீர்திருத்தம் என்று எப்படி அழைப்பது?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மூன்றாம்விரல் அவர்களின் எண்களைச் சரிபார்த்தேன், ஒவ்வொன்றும் சரி. இந்தக் குறை உண்மையானது, மறுக்க முடியாதது. இருந்தாலும் அது எதனோடு ஒப்பிடும்போது குறை என்பதையும் பார்க்க வேண்டும். அதே நூறு பேர் ஒரேயொரு வாக்கு அளித்து, முந்துபவர் வெல்லும் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால், 40 வாக்குடன் க-வே வென்றிருப்பார். ம அங்கும் மூன்றாமவர்தான். அலாஸ்காவிலும் ஒரே வாக்கு முறையில் பெல்டோலாவே முந்தியிருக்கிறார். எனவே அந்த எடுத்துக்காட்டுகள், விருப்ப வரிசை முறை பழைய முறையின் ஒரு நோயைக் குணப்படுத்தவில்லை என்று காட்டுகின்றனவே தவிர, புதிய நோயைக் கொண்டுவந்ததாகக் காட்டவில்லை. ஆதரவு கூடித் தோற்பது மட்டும் இம்முறைக்கே உரிய புதிய நோய், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அது குணப்படுத்தும் நோய் வேறு. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவில் வெற்றி வேறுபாடு 537 வாக்குகள். மூன்றாமவரான ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488. அந்த வாக்காளர்களின் இரண்டாவது விருப்பம் என்ன என்று கேட்க அச்சீட்டில் இடமே இல்லை. இதே நாட்டின் மெய்ன் மாநிலத்தில் 2018-இல் இரண்டாம் தொகுதியில் புரூஸ் பொலிக்வின் முதல் எண்ணிக்கையில் முந்தியிருந்தும், சிறிய வேட்பாளர்களின் சீட்டுகள் கைமாறியபின் ஜாரெட் கோல்டன் 50.6 சதவீதத்துடன் வென்றது, கேட்பதற்கு இடம் இருந்ததால்தான். எல்லா நற்பண்புகளையும் ஒருங்கே கொண்ட முறை இருக்க முடியாது என்பதை 1951-இல் கென்னத் ஆரோ கணித வழியாகவே காட்டிவிட்டார். எந்தக் குறையோடு வாழ்வது என்பதுதான் நம் முன் இருக்கும் தேர்வு.

நெடுஞ்சாலை எழுதியது:

நீண்ட விவாதத்தின் நடுவே எளிய கேள்வி ஒன்றைக் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குப் பிடித்தவருக்கு 1 போட்டபின் வேறொருவருக்கு 2 போட்டால், என் வாக்கின் வலு குறைந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஒன்று மட்டும் போடுங்கள், அதுதான் முழு வாக்கு" என்று சொல்வது உண்மையா?

வடகரை எழுதியது:

நண்பரே, இழையில் பேசப்படும் முறைகள் எதிலும் அது உண்மையில்லை. நீங்கள் 1 போட்டவர் போட்டியில் இருக்கும்வரை உங்கள் 2-ஐ எவரும் பார்ப்பதேயில்லை. அவர் வெளியேறியபின்தான் அது பேசத் தொடங்கும்; அப்போது அவரைக் காயப்படுத்த அதனால் இயலாது. அந்த அறிவுரை, தன் ஆள் தோற்றபின் உங்கள் சீட்டு யாருக்குப் போனால் என்ன என்று நினைப்பவர் சொல்வது. உங்களுக்கு அதில் ஆதாயம் ஏதுமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வரிசைக்கு மதிப்பெண் வழங்கிக் கூட்டும் முறைகளில் நிலைமை வேறு. நவ்ரு தீவில் முதல் விருப்பத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டு எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அங்கே நீங்கள் எழுதும் 2, நீங்கள் 1 போட்டவரின் போட்டியாளருக்கு உடனடியாக அரை மதிப்பெண் தருகிறது. சீட்டு பார்ப்பதற்கு ஒன்றுபோலிருந்தாலும், எண்ணும் விதி மாறினால் எழுதுபவரின் உத்தியும் மாற வேண்டியிருக்கிறது.

எண்ணுவதைப் பற்றிச் சொல்லும்போது, இதுவரை எவரும் தொடாத ஒரு நடைமுறைச் சிக்கலையும் குறிப்பிடுகிறேன். ஒருவர் ஒருவராக நீக்கும் முறையில், ஒவ்வொரு மாவட்டமும் தன் கணக்கைத் தானே முடித்து அனுப்ப முடியாது. யார் முதலில் நீக்கப்படுகிறார் என்பது நாடு முழுவதன் கூட்டுத்தொகையைப் பொறுத்தது; அதை அறிந்தபின்தான் அடுத்த சுற்று. இருபது பேரை நீக்க வேண்டுமானால் இருபது முறை மையத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது எல்லாச் சீட்டுகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது கணினியில் ஏற்ற வேண்டும். கணினியில் ஏற்றினாலும் தவறு நேரும்: நியூயார்க் நகரின் 2021 மேயர் முதனிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஏறத்தாழ 1,35,000 சோதனைச் சீட்டுகள் உண்மைச் சீட்டுகளோடு சேர்க்கப்பட்டு, முதற்கட்ட முடிவையே திரும்பப் பெற நேர்ந்தது. இலங்கையின் முறையில் இரண்டே கட்டங்கள்தாம். முதல் இருவர் யாரென்று அறிவித்துவிட்டால், 22 தேர்தல் மாவட்டங்களும் தத்தம் சீட்டுகளைத் தனித்தனியே பார்த்துக் கூட்டி அனுப்பிவிடலாம். மூன்றே விருப்பம் என்ற எல்லையைக் குறைசொன்ன நானே இந்த எளிமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூன்றாம்விரல் எழுதியது:

அந்த எளிமைக்காகத்தான் முதல் இருவருக்குக் கீழே இருந்த எல்லோரும் ஒரே நொடியில் வெளியேற்றப்படுகிறார்கள். ஒருவர் ஒருவராக நீக்கினால் மூன்றாம் இடத்திலிருப்பவர் மற்றவர்களின் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு ஏற வாய்ப்புண்டு. இங்கே அதற்கு வழியே இல்லை. 2024-இல் இடைவெளி பெரிதாக இருந்ததால் அது முடிவைப் பாதிக்கவில்லை என்பது வேறு.

இந்தியாவில் இந்த முறை எங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். சரிதானா?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

இருக்கிறது, பொதுமக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. மாநிலங்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் "ஓர் இடத்துக்கு 34 சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும்" என்று செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒற்றை மாற்று வாக்கு முறையின், அதாவது பல இடங்களையும் ஒரே விருப்ப வரிசைச் சீட்டால் நிரப்பும் முறையின், கணக்கு. ஆறு இடங்களென்றால், 234 வாக்குகளை ஏழால் வகுத்தால் 33-க்குச் சற்று மேல் வரும். அதைத் தாண்டும் முதல் முழு எண் 34. ஏழு பேர் ஒரே நேரத்தில் 34 வாக்குகள் பெற முடியாது என்பதே ஏழால் வகுப்பதன் காரணம். வென்றவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த உபரியும் அடுத்த விருப்பத்துக்குக் கைமாறும் என்பது, ஓரிடத் தேர்தலில் இல்லாத சிறப்பு.

குடியரசுத் தலைவர் தேர்தலையும் அரசமைப்பின் 55-ஆம் பிரிவு, ஒற்றை மாற்று வாக்கின் வழியிலான விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்றே குறிப்பிடுகிறது. ஒரேயொரு பதவியை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று யாரும் கேட்கலாம்! நடைமுறையில் அது ஒருவர் ஒருவராக நீக்கும் முறைதான். இரண்டாவது விருப்பம் வரை எண்ண வேண்டிவந்தது 1969-இல் மட்டும். (இத்தேர்தலில் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு; கீழே உள்ளவை அம்மதிப்புகளின் கூட்டுத்தொகை.) முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769, மற்றவர்களுக்குச் சொற்பம். வெற்றிக்குத் தேவையான மதிப்பு 4,18,169. கைமாறிய விருப்பங்களில் பெரும்பகுதி ரெட்டிக்கே போயிற்று: அவருக்குக் கூடியது 91,879, கிரிக்கு 18,562 மட்டும். இருந்தும் கிரி 4,20,077 பெற்று எல்லையைத் தாண்டிவிட்டார். ரெட்டி 4,05,427-இல் நின்றார்.

அரைப்புள்ளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் கேள்வி 'எதில் பாதி' என்பதாகத் திருத்தப்பட்டதே எனக்குப் பெரிய உதவி. அதே அளவுகோலை 1969-க்கும் வைத்துப் பார்த்தேன். செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. கிரியின் இறுதித் தொகை அதில் 50.2 சதவீதம், தேவையான எல்லையைவிட 1,908 மட்டுமே அதிகம். கைமாறாமல் தீர்ந்துபோனவற்றின் மதிப்போ 10,833. கைமாறியவற்றில் ஆறில் ஐந்து பங்கு ரெட்டிக்குப் போனதைப் பார்த்தால், இவையும் எழுதப்பட்டிருந்தால் இடைவெளி இன்னும் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. முடிவு மாறியிருக்குமா?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மாறியிருக்க முடியாது. தீர்ந்த 10,833-ஐ முழுவதுமாக ரெட்டிக்கே கொடுத்தாலும் அவர் 4,16,260-க்கு மேல் போக மாட்டார். கிரி ஏற்கெனவே மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிட்டார். 2024-இல் தீர்ந்த முப்பது லட்சத்தைப் பற்றி இப்படிச் சொல்ல இயலாது. அங்கே இருவருக்கும் இடையிலிருந்த இடைவெளி 1,209,277. தீர்ந்த சீட்டுகள் 3,048,535.